இறக்கை முனை விளக்குகளுக்கு மின்சாரம்

ஆஸ்திரேலியாவில் வசிக்கும் என் மாமன் மகன், இருவர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைத் தன் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி வருகிறார். அது எந்தத் திசை நோக்கி இருக்கிறது என்று இருட்டில் மற்றவர்களுக்குக் காட்டும் நிலைவிளக்குகளைச் செய்து தரும் வேலையை, சேலம் அஸ்தம்பட்டியில் மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்த்துவரும் என்னிடம் ஒப்படைத்தார். சான்றிதழ் பெற்ற விமானங்களில் இப்படி வீட்டில் செய்தவற்றைப் பொருத்த முடியாது. சொந்தமாகக் கட்டப்படும் சோதனை வகை விமானங்களில்தான் அதற்கு இடமுண்டு.

இடது இறக்கை முனையில் சிவப்பு, வலது முனையில் பச்சை, வாலில் வெள்ளை என்பது உலகெங்கும் உள்ள ஏற்பாடு. சிவப்பும் பச்சையும் நேர் முன்திசையிலிருந்து பக்கவாட்டில் 110 பாகை வரை தெரிய வேண்டும். எஞ்சிய 140 பாகை வால் விளக்குக்கு உரியது. நேர் முன்னே 40 கேண்டலா (ஒளிச்செறிவின் அலகு) ஒளி வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் இருந்துவந்த அளவு. இன்றைய 3 வாட் எல்இடிகளுக்கு இது எளிது. அவற்றுக்கு மின்சாரம் தருவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

12 வோல்ட் விமானம் என்று சொன்னாலும், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஓடும்போது கம்பியில் 14 வோல்ட் இருக்கும்; எஞ்சின் நின்றால் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் இறங்கும். பச்சை எல்இடி ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டரைப் (மின்தடை) போட்டால், 14 வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர் ஓடுகிற அதே சுற்றில் 12 வோல்ட்டில் சுமார் 200 மட்டுமே ஓடும். பேட்டரியை மட்டும் நம்பிப் பறக்க நேரும் வேளையில் விளக்கு மங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடி அளவைச் சீராக்கும், கடையில் கிடைக்கும் ஸ்விட்ச்சிங் டிரைவர் இந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது, சூடும் குறைவு. ஆனால் அதை மேசையில் ஓடவிட்டு, அருகில் சிறிய எஃப்எம் ரேடியோவை வைத்தபோது, வலுவில்லாத நிலையங்கள் எல்லாம் இரைச்சலில் மூழ்கிப்போயின. விமானப் பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் ஒலியை அலையின் வலிமை மாற்றத்தில் ஏற்றும் ஏஎம் முறையில், இயங்குவதால் இத்தகைய இரைச்சல் அதில் இன்னும் நேராகக் காதில் விழும். கவசக் கம்பி, ஃபெரைட் வளையம், உலோகப் பெட்டி என்று அடக்க வழிகள் உண்டு. இரைச்சலையே உண்டாக்காத சுற்றைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

ஆகவே திறந்து மூடாமல் சீராக இயங்கும் எல்எம்317 ரெகுலேட்டர் சில்லை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் இணைத்தேன். அது தன் 1.25 வோல்ட்டை 3.6 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே நிலைநிறுத்துவதால் 347 மில்லி ஆம்பியர் மாறாமல் கிடைக்கிறது. இந்தச் சுற்றுக்கே 3 வோல்ட் போய்விடும் என்பதால் பச்சையில் இரண்டு எல்இடிகளும், 2.1 வோல்ட்டே கேட்கும் சிவப்பில் நான்கும் வைத்தேன். பச்சைப் பக்கத்து ரெகுலேட்டரில் மட்டும் இரண்டு வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. இறக்கையின் அலுமினியத் தகடே அந்த வெப்பத்தை வாங்கிக் கடத்தும் ஹீட் சிங்க்.

இங்கே ஒரு தவறு செய்தேன். ரெகுலேட்டரின் உலோக முதுகு அதன் வெளியீட்டு முனையோடு இணைந்தது என்பதை மறந்து, மாதிரித் தகட்டில் நேரடியாக முடுக்கிவிட்டேன். வெளியீட்டு மின்சாரம் எல்இடிக்குப் போகாமல் தகட்டின் வழியே குறுக்கே பாய்ந்ததால் எல்இடி ஒளிரவே இல்லை. ரெகுலேட்டர் மட்டும் தொட முடியாத அளவு கொதித்தது. மின்சாரம் கடத்தாத நகத்தளவு மைக்காத் துண்டு, திருகுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம், இரு பக்கமும் வெப்பம் கடத்தும் வெள்ளைப் பசை என்று மறுபடி பூட்டியதும் சரியாயிற்று.

போன வாரம் எல்லாவற்றையும் ஒரு நீண்ட பலகையில் பொருத்தி, பைக் பேட்டரியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். இருட்டிய பின் பலகையைச் சுற்றி நடந்தேன். பக்கவாட்டைத் தாண்டிப் பின்னே சில அடி வைத்ததும் சிவப்பு சட்டென மறைந்தது. பச்சையோ அதே இடத்தில் இன்னும் இலைகளின்மேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் மறைப்புத் தகட்டை இரண்டு மில்லிமீட்டர் நீட்ட வேண்டும்.