வயிற்று வலி என்றுதான் ஆரம்பித்தது

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் என் மகளுக்குக் காலை வேளையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. யூனிஃபார்ம் போட்டு, ரெட்டைச் சடை பின்னி, டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும் நேரத்துக்குச் சரியாக வலிக்கும். சனிக்கிழமை வலிக்காது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் முகம் வாடிவிடும். வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம்: ஓம வாட்டர், பூச்சி மாத்திரை, தொப்புளில் விளக்கெண்ணெய். பெரம்பூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். ஆனா வலி நிஜம்மா, பொண்ணு நடிக்கல. பயம் அதிகமானா வயித்துலதான் காட்டும். ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். நடிக்கல என்று ஒரு பெரியவர் வாயிலிருந்து கேட்டதும் அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அதுவரை பள்ளிக்கூடத்தில் பலரும் அவளிடம் சொன்னது நேர் எதிர்.

என் மாமியாருக்குக் கவலை வேறு மாதிரி. "வயசுப் பொண்ணு, நாளைக்கு யாராவது விசாரிச்சா?" என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அன்று ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, தோழிகளோடு பேச்சு எப்படி என்று விசாரித்துவிட்டு, "சாகணும்னு ஏதாவது சொல்லியிருக்காளா?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. தெரியாது என்றேன். "நீங்களே நேரா கேளுங்கம்மா. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது. இருந்தா வெளியே வரும்" என்றார்.

மறுநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "சாகணும்னு தோணுதா கண்ணு?" அவள் கையில் அவள் அப்பாவின் சட்டை. அதன் காலரைத் திருப்பித் திருப்பி மடித்தாள். "சாகணும்னு இல்லம்மா. ஆனா ராத்திரி தூங்கினா காலையில எழுந்திருக்கவே கூடாதுன்னு இருக்கும்." திட்டவும் இல்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சொன்னதுக்கு நன்றி என்றேன். கீழே வந்ததும் மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சமையலறை மூலையில் இருந்த எலி பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டேன். இப்படி ஒரு பேச்சு பிள்ளை வாயில் வந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று அப்புறம் டாக்டரும் சொன்னார்.

எங்களுக்குப் பக்கம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம் என்பதே நிறைய பேருக்குத் தெரிவதில்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டு போங்கள். டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் பேசிவிட்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார். போகும் முன் என் காது படவே அவளிடம், "நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் அம்மாகிட்ட சொல்வேன்" என்றார். அந்த ஒரு உறுதிதான் அவள் வாயைத் திறக்க வைத்தது என்று நினைக்கிறேன். மார்க்கை வகுப்பில் சத்தமாகப் படிப்பது, அதை வைத்து இடம் மாற்றி உட்கார வைப்பது என்று எல்லாம் வெளியே வந்தது.

பதற்றக் கோளாறு என்றார்கள். மாத்திரை எழுதினார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரங்களில் அவளைக் கூடுதலாகக் கவனியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். "பழக்கமாயிடும், தூங்கிட்டே இருப்பா" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தியதை அடுத்த தடவை அப்படியே கேட்டேன். இது போதை மாத்திரை இல்லை, நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்போம் என்று விளக்கினார். மனதில் இருப்பதை டாக்டரிடமே கேட்டுவிடுவது நல்லது.

மாத்திரையைவிட என்னை வியக்க வைத்தது மனநல ஆலோசகர் போட்டுக் கொடுத்த திட்டம். பயத்தைச் சின்னதிலிருந்து பெரியது வரை அவளையே எழுதச் சொன்னார். முதல் படி, யூனிஃபார்ம் போட்டு கேட் வரை போய்த் திரும்புவது. பழகியதும் கடைசி பீரியட் மட்டும். அப்புறம் மதியத்துக்கு மேல். கணக்கு வகுப்பு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. ஒரு படியில் பயம் தணியும் வரை அங்கேயே நிற்கலாம், ஆனால் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஒதுங்க ஒதுங்க பயம் வளரும் என்றார்.

பள்ளியில் இதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும் பாடு. நிர்வாகத்தில் ஒருவர், "ரிசல்ட் பாதிக்கும், டிசி வாங்கிக்கறீங்களா?" என்றே கேட்டார். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இப்படிக் கேட்பார்களா? டாக்டரிடம் கடிதம் வாங்கி, வருகைப் பதிவு பற்றி எழுத்தில் கேட்டேன். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. வகுப்பாசிரியை மட்டும் ஆரம்பத்திலிருந்தே எங்கள் பக்கம். அவள் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்காமல் உட்கார வைப்பார்.

தேர்வு பயம் குறைய ஒரு தகவலும் உதவியது. தவறினால் அதே வருடம் துணைத் தேர்வு எழுதலாம், வருடம் வீணாகாது. இதை வீட்டில் உரக்கச் சொன்னோம், மாமியார் காதிலும் விழும்படி. எழுதினாள், பாஸ். மார்க்கை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இங்கும் எழுதவில்லை.

இப்போது பதினொன்றில் காமர்ஸ், வேறு பள்ளி. திங்கட்கிழமைகளில் இன்னும் சில சமயம் வயிறு வலிக்கிறது. அன்று இரண்டாவது பீரியடுக்குப் போகிறாள். போன தடவை மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டர் பேச்செடுத்தார். காலாண்டுத் தேர்வு முடியட்டும் சார் என்று அவளே சொன்னாள், அவரும் சரி என்றார்.