மாட்சுடாகே மலையில் சருகு வாருவது எப்படி

ஜப்பானியர் அதிக விலை கொடுத்து வாங்கும் மாட்சுடாகே காளான், 2020-இல் ஐயுசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) வெளியிடும் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்' என்று சேர்க்கப்பட்டது. அதன் விலையைக் கேட்டவர்கள், ஆளாளுக்குப் பறித்தே தீர்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஜப்பானைப் பொறுத்தவரை கதை வேறு. 1941-இல் சுமார் 12,000 டன் விளைந்த நாட்டில் இன்று ஆண்டுக்கு நூறு டன் தேறுவதே அரிது. ஊரார் மலையேறுவதை நிறுத்தியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இந்தக் காளான், செம்பைன் என்ற ஊசியிலை மரத்தின் உயிருள்ள வேர்நுனிகளோடு கூட்டுச் சேர்ந்து வாழ்வது. நீர் தங்காத, சத்துக் குறைந்த மண்தான் அதற்குத் தோது. விறகுக்குப் புதர் வெட்டி, உரத்துக்குச் சருகு வாரியவரை மலைச்சரிவுகள் அப்படித்தான் இருந்தன. 1950-களுக்குப் பின் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்தன. வாராத சருகு மக்கித் தடித்தது. அதில் பெருகிய வேறு பூஞ்சைகளோடு மாட்சுடாகேயால் போட்டி போட முடியவில்லை.

ஆகவே இங்கே வேலி போட்டுச் சும்மா விட்டால் காளான் போய்விடும். பனிக்காலத்தில், அறுவடை முடிந்த பிறகு, பைனுக்கு அடியில் மண்டிய அகன்ற இலைப் புதர்களை வெட்ட வேண்டும். நிழலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். மொட்டையடித்தால் மண் காய்ந்துபோகும். பிறகு மக்கிய சருகை ரேக்கால் (பற்கள் வைத்த வாருகோல்) வாரி, சரிவை விட்டே வெளியேற்ற வேண்டும். ஓரமாகக் குவித்துவைத்தால் வேலை பாதிதான்.

மாட்சுடாகேயின் பூஞ்சையிழைகள் மண்ணுக்குள் வளையமாகப் பரவும், ஆண்டுக்குச் சுமார் 10–15 செ.மீ. அந்த வளையத்தின் மேல் மிதிக்கவோ கிளறவோ கூடாது. வாருவது வளையத்துக்கு வெளியே, அது பரவப்போகும் பக்கத்தில். காளான் மொட்டு தேடி அதே ரேக்கால் இழைப்படலம்வரை தோண்டி, குழியை மூடாமல் போனால் பல ஆண்டு விளைச்சல் கெடும். காளானின் அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசைத்து எடுத்து, குழியில் மண்ணைத் தள்ளி மூடினால் போதும்.

இலையுதிர்காலத்தில் மண்ணின் வெப்பம் 19 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் மொட்டு உருவாகத் தொடங்கும். அதன்பின் திடீரென வெயில் ஏறினால் அந்த மொட்டுகள் கருகும். இதற்கு மனிதர் செய்யக்கூடியது அதிகமில்லை.

பைன் மரங்களையே கொல்லும் வாடல் நோய்க்கு ஏதாவது செய்யலாம். அந்த நோயைத் தரும், வட அமெரிக்காவிலிருந்து வந்த நூற்புழுவை ஒரு நீள்கொம்பு வண்டு மரத்துக்கு மரம் சுமந்து செல்கிறது. பட்ட மரங்களை அடுத்த கோடைத் தொடக்கத்துக்குள் வெட்டி எரிக்க வேண்டும், அல்லது சில்லுகளாக்க வேண்டும். வெட்டி அங்கேயே கிடத்தினால் வண்டுக்குப் பண்ணை வைத்துக் கொடுத்த மாதிரி.

வளையத்தின் ஓரத்தில் பைன் கன்று நட்டு, வேரில் பூஞ்சை ஏறியதும் வேறிடத்துக்கு மாற்றும் முறையும் உண்டு. தென் கொரியாவில் அப்படிக் காளான் முளைத்தும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் புதிய மண்ணிலுள்ள பூஞ்சைகள் அந்த வேரைப் பிடித்துக்கொள்கின்றன. கையில் ஒரே ஒரு பருவத்துக்கான கூலிதான் இருக்கிறதென்றால், அதைக் கன்றில் போடாமல் இருக்கிற வளையத்தைச் சுற்றி வாரச் செலவிடுங்கள்.