கத்தரியும் பசைத்தாளும் சீமைப்பலா இலையும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

மூன்றாவது தடவையாக அதே ஏமாற்றம். கடையில் போய் "ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃபியூசிங்" என்று தெளிவாகக் கேட்டேன், "அதுதான் டீச்சர்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால் ஒரு பக்கம்தான் சொரசொரப்பு. சட்டைக் காலருக்குள் வைக்கிற சரக்கு. அது துணியை விறைப்பாக்கும், இன்னொரு துணியோடு சேர்த்து ஒட்டாது.

எனக்கு வேண்டியது வேறு. சிலந்தி வலை மாதிரி மெல்லிய பசை, ஒரு பக்கம் காகிதம். நான் பசைத்தாள் என்றே சொல்லிக்கொள்கிறேன். துணியின் பின்பக்கம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் பசை துணிக்கு வந்துவிடும், வேண்டிய உருவத்தை வெட்டி, காகிதத்தை உரித்து, அடித்துணியில் வைத்து மறுபடி தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஓரம் மடிக்க வேண்டாம், பிசிர் அதிகம் வராது. அதன் கீழே பஞ்சு, அதற்கும் கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டினால் ஒரு சின்ன குவில்ட். நான் செய்வதெல்லாம் 9க்கு 12 அங்குலம். எதிர்வீட்டு அக்கா போன வாரம் பார்த்துவிட்டு "இத எந்தப் பிள்ளைக்குப் போர்த்த?" என்றார். சுவரில் மாட்டத்தான் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

மகள் பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தந்த சுருளில் ஒன்றரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த மாதம்.

மே மாதம் முழுக்க உட்கார்ந்து செய்த தாமரைக்குளத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். 140 துண்டு. ஒவ்வொரு இதழும் தனி, இதழின் நரம்பும் தனி. இத்தனை உழைத்தும் ஃப்ரிட்ஜ் கதவில் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கிறது. எது சரியில்லை என்று பிடிபடவில்லை.

ஜூன் 5, வியாழன்

மருமகன் பிறந்தநாளுக்கு ஒரே எழுத்து, பெரிய 'ழ', செங்கல் நிறத்தில் செய்து கொடுக்கலாம் என்று தொடங்கினேன். காகிதத்தின் மேல் அழகாக வரைந்து, அழகாக வெட்டி, உரித்து, திருப்பிப் போட்டால் 'ழ' இடவலம் மாறிக் கிடக்கிறது. காகிதம் இருப்பது துணியின் பின்பக்கம், ஆகவே வரைவதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வரைய வேண்டும். இது எனக்குத் தெரியாதா என்ன? முப்பது வருடம் கணக்கு வகுப்பில் சமச்சீர் நடத்தியவள்.

பறவையோ மரமோ என்றால் திரும்பினாலும் பாதகமில்லை. எழுத்து விடாது.

துணி பற்றி யாராவது கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன். வெளிநாட்டில் குவில்ட் செய்கிறவர்கள் பாத்திக் துணியைச் சொல்வார்கள், நெசவு நெருக்கமாக இருப்பதால் வெட்டின ஓரம் கத்தி மாதிரி நிற்கும். நமக்கு மேட்சிங் சென்டர் இருக்கிறது. டூ பை டூ ப்ளவுஸ் பிட், நெருக்க நெசவு, ஒரே பச்சையில் பதினைந்து பச்சை அடுக்கி வைத்திருப்பார்கள், எந்த ஓவியருக்கும் அவ்வளவு பெரிய வண்ணப்பெட்டி கிடையாது. பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், கலந்தது அதிகச் சூட்டில் சுருங்கிவிடும். கஞ்சிப் பசை போக ஒரு தடவை அலசிக் காயவைத்துவிட்டால் ஒட்டுவது நன்றாகப் பிடிக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, இஸ்திரிப் பெட்டியை நம்பி எதையும் தொடங்க முடியாது. சும்மா இருக்க முடியாமல் பழைய நாளிதழை மடித்து வெட்டிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் பாட்டா ஞாபகம் வந்தது. தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைக்குத் தோரணம் கட்டுவது பாட்டாவின் பொறுப்பு. பட்டம் விடுகிற வண்ணத்தாள் கட்டுக்கட்டாக வரும். மைதாவைக் காய்ச்சிப் பசை, அதில் பாச்சை அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். தாளை நாலாக மடித்து, வரையாமல் கொள்ளாமல், அஞ்சாறு வெட்டு வெட்டிப் பிரிப்பார், உள்ளே பூவும் பிறையும் சின்னச் சின்ன அரசிலையுமாக வெளிச்சம் தெரியும். சணலில் ஒட்டி, தெருவுக்குக் குறுக்கே கட்டுவோம். மறுநாள் மழை பெய்தால் சிவப்பும் பச்சையும் வழிந்து, கீழே போகிறவர்கள் சட்டையெல்லாம் நாசம்.

நானும் வெட்டுவேன். நான் வெட்டினால் பாதி பூ கையோடு உதிர்ந்துவிடும். "பிடிக்க ஒரு எடம் விட்டு வெட்டணும் மக்ளே" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்லிக்கொடுத்தது.

இன்று நாளிதழை வெட்டிப் பிரித்தபோது ஒன்று உறைத்தது. தாமரைக்குளத்தில் அந்த 140 துண்டில் எதுவும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, எல்லாவற்றையும் பசைதான் பிடித்திருக்கிறது. பசை இருக்கிற தைரியத்தில் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுகிறேன். காகிதம் வெட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே ஒரு காம்பாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை தரையில். படத்தின் வரைவே அந்தக் கட்டாயத்திலிருந்து வருகிறது.

ஜூன் 9, திங்கள்

ராத்திரி பதினொன்றரை வரை காகித வெட்டு பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். மதுரா, பிருந்தாவனம் பக்கம் சாஞ்சி என்று ஒரு கலை. கிருஷ்ணன் கதையைத் தாளில் நுணுக்கமாக வெட்டி, தரையில் விரித்து, மேலே வண்ணப்பொடி தூவித் தாளைத் தூக்கினால் கோலம். துளைதான் அங்கே படம், தாள் வெறும் தடுப்பு. மயிலின் ஒவ்வொரு இறகுக்கண்ணும் ஒரு நூலிழைத் தாளால் உடம்போடு கோத்திருக்கும்.

ஜப்பானில் துணிக்குச் சாயம் போட இசே கட்டகாமி என்று காகித அச்சு வெட்டுவார்கள். மல்பெரிப் பட்டைக் காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக, பெர்சிமன் பழச்சாறு தடவி ஒட்டி, அதை வெட்டுவது. சில வடிவம் தன்னைத்தானே தாங்காத அளவுக்கு மெலிந்துவிடும், அப்போது தாளை இரண்டாகப் பிரித்து நடுவே பட்டுநூல் வலை வைத்து மறுபடி ஒட்டிவிடுவார்கள். குவில்டில் சின்னத் துணுக்குகள் பறந்துபோகாமல் இருக்க மேலே மெல்லிய நெட் துணி போட்டுத் தைக்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இதே தந்திரம்தான்.

ஜூன் 12, வியாழன்

ஹவாய் குவில்டுகளில் வந்து நின்றுவிட்டேன். 1820இல் அங்கே போன அமெரிக்க மிஷனரிப் பெண்கள் ஹவாய்ப் பெண்களுக்கு ஒட்டுத்துணித் தையல் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முன்பே அவர்களிடம் மரப்பட்டையை அடித்துச் செய்யும் கபா என்ற அகலமான துணி இருந்தது. முழுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி சேர்ப்பது என்ன வேலை என்று அவர்களுக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். நியாயமான கேள்வி! அவர்கள் கண்ட வழி வேறு: முழுத் துணியை எட்டாக மடித்து, பாட்டா தாளை வெட்டிய மாதிரியே ஒரே வெட்டு, பிரித்து வெள்ளைத் துணிமேல் விரித்து ஓரம் மடித்துத் தைப்பது. இரண்டே நிறம். அப்புறம் உருவத்தைச் சுற்றிக் குளத்தில் கல் விழுந்த வட்டம் மாதிரி வரிவரியாகத் தையல்.

முதல் குவில்டுக்கு உலு, அதாவது ஈரப்பலா என்கிற சீமைப்பலா வடிவத்தை எடுக்க வேண்டும், வீட்டில் எதற்கும் குறைவு வராது என்று அங்கே ஒரு நம்பிக்கை. படித்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சீமைப்பலா அங்கேதான் நிற்கிறது. இத்தனை வருடம் பழத்தைப் பறித்துப் பொரியல் வைத்ததோடு சரி, இலையைப் பார்த்ததே இல்லை. கை அகலத்துக்கு மேல் பெரிய இலை, ஆழமாக விரல்விரலாகப் பிரிந்து, ஆனால் எந்த விரலும் நடுநரம்பை விட்டுப் போகாமல். வெட்டுவதற்கென்றே செய்த இலை.

ஜூன் 15, ஞாயிறு

எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கரும்பச்சை டூ பை டூவில் பசையை ஏற்றினேன். காகிதத்தோடு எட்டாக மடித்தால் கத்தரி இறங்காது, அடுக்குகள் நழுவும். ஆகவே காகிதத்தை முதலிலேயே உரித்துவிட்டேன், ஆறிய பசை கையில் ஒட்டாது, அதுவரை சரி. மடித்தேன். மடிப்பு கூர்மையாக நிற்கட்டும் என்று, ஐம்பது வருடப் பழக்கம், கை தானாகப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டது.

பசையும் பசையும் பார்த்துக்கொண்டு இருக்கிற துணி. எட்டு மடிப்பும் ஒரே பலகை. அதைப் பிரிக்க மாமியார் காலத்துப் பூட்டுச்சாவி கூட உதவவில்லை. இப்போது சமையலறையில் சூடான பாத்திரம் வைக்கிற மணையாக இருக்கிறது, அதற்கு நன்றாகவே உதவுகிறது.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது முறை. மடிப்பை நகத்தால் மட்டும் தேய்த்தேன், நாலாக மட்டும் மடித்தேன். வரையவில்லை. பாட்டா வரையவில்லையே. இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வெட்டினேன், கத்தரியை அசைக்காமல் துணியைத் திருப்புவது என்பது கை நடுங்குகிற வயதில் பெரிய உபகாரம். பிரித்தபோது நாலு பக்கமும் இலை, நடுவில் எல்லாம் ஒன்றாகச் சேருகிற ஒரு சின்னச் சக்கரம், இடையிடையே பழத்துக்கு வட்டத் துளை. ஒரே துண்டு. கையில் தூக்கிப் பிடித்தால் தொங்கியது, உதிரவில்லை.

தூக்கிப் பிடித்தபடி ஹாலுக்கும் சமையலறைக்கும் இரண்டு தடவை நடந்தேன். இவர் டிவியிலிருந்து திரும்பி "யாருக்குக் கோவணம்?" என்றார்.

ஜூன் 19, வியாழன்

கோடிக்கலரில் அடித்துணி. கேக் தட்டில் போடும் ஒட்டாத தாளைக் கீழும் மேலும் வைத்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் எடுத்து எடுத்து வைத்தேன், இழுத்தால் மெல்லிய காம்புகள் கோணிவிடும். பழத் துளைகளுக்குப் பின்னால் மட்டும் மஞ்சள்பச்சைத் துணுக்கு வைத்தேன்.

ஒரே நிறமா, நிறத்துக்கு மேல் நிறமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. போலந்தில் விச்சினாங்கி என்று காகித வெட்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரியால் வெட்டுவார்கள். குர்ப்பே பகுதியில் ஒரே நிறத் தாள், மடித்து ஒரே வெட்டு. உவோவிச் பகுதியில் நிறத்துக்கு மேல் நிறம் ஒட்டி, சேவல், பூ என்று கண்ணைப் பறிக்கும். என் தாமரைக்குளம் உவோவிச் வழியில் போக நினைத்து வழி தவறியது. அவர்கள் சேவலில் ஒவ்வொரு நிறமும் கீழே உள்ள பெரிய உருவத்தின் மேல் ஏறி நிற்கும், கீழ் உருவம் தனியாகவே சேவல்தான். நான் அடி உருவமே இல்லாமல் இறகை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கோயில் தேரில் தொங்குகிற துணித் தொம்பையை நினைத்துப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, தூரத்திலிருந்தே யாளி யாளியாகத் தெரியும். அதை வெட்டித் தைக்கிறவருக்கும் இது தெரிந்திருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

தையல். ஓரத்தில் நெருக்கமான சாட்டின் தையல் போடுவதா வேண்டாமா என்று அரை நாள். போட்டால் காகித ஓரத்தின் கூர்மை போய்க் கயிறு சுற்றின மாதிரி ஆகிவிடும், துவைக்கப்போகிற பொருளா இது? போடவில்லை. ஓரத்துக்கு உள்ளே ஒரு நேர்த்தையல், வெளியே ஹவாய்க்காரர்கள் மாதிரி அலை அலையாக ஆறு வரி.

ஊசியில் பசை ஏறி நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஊசியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். நாலாவது வரியில் பஞ்சு அடுக்கு சுருங்கி ஒரு மூலை தூக்கிக்கொண்டது, அப்படியே விட்டுவிட்டேன், இலையும் காற்றில் தூக்கத்தானே செய்யும்.

ஜூன் 25, புதன்

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வலது கண்ணில் புரை, அவசரமில்லை, அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1700இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டிய பிறகுதான், இரண்டாவது கணவரும் இறந்த பின், வண்ணத்தாளை வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். கறுப்புப் பின்னணியில், இதழ், மகரந்தம், முள் என்று நூற்றுக்கணக்கான தாள் துணுக்குகள், செடிநூல் தெரிந்தவர்கள் பார்த்து ஒத்துக்கொள்கிற துல்லியம். பார்வை மங்கி நிறுத்துவதற்குள் பத்தே வருடத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்துவிட்டார், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவர் செய்தது துண்டு துண்டாகத்தான், அது எனக்கு இடிக்கிறது. என்றாலும் அந்தக் கறுப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. அடுத்ததற்குக் கறுப்பு டூ பை டூ ஒரு மீட்டர் வாங்கி வைத்தாயிற்று. எனக்கு வயது 62, கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 28, சனி

சீமைப்பலா ஹாலில் மாட்டியாயிற்று. பிளவுஸ் தைக்கிற டெய்லர் தம்பி அளவு ஜாக்கெட் வாங்க வந்தவன் கிட்டப்போய்ப் பார்த்து, "டீச்சர், ஒரே பீஸா வெட்டிருக்கியளா? எங்க தொடங்குனிய?" என்றான். கத்தரி எங்கே நுழைந்தது என்று தேடுகிறான்! மடிப்பைச் சொல்லாமல் காப்பி மட்டும் கொடுத்தேன்.

அவன் போன பிறகு மேசையைத் துடைக்கையில் வெட்டும்போது விழுந்த துணுக்குகள் தட்டில் கிடந்தன. நீளநீளமாக, கூராக, இலைக்கு இடைப்பட்ட இடங்கள், எல்லாம் பின்னால் பசையோடு. தூக்கிப் போட மனம் வராமல் கறுப்புத் துணிமேல் கொட்டினேன். மீன் மாதிரி தெரிந்தன. பதினொன்றை வரிசையாக நகர்த்தி வைத்தேன், பன்னிரண்டாவதைக் காணவில்லை, கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.