ஒட்டடைக் குச்சியும் ஆறரை அடி மெத்தையும்

மேற்கு மாம்பலத்திலிருந்து சேலையூருக்கு வீடு மாறியபோது பீரோவைப் பற்றியும் ஃபிரிட்ஜைப் பற்றியும் நான் கவலைப்படவே இல்லை. அதையெல்லாம் எப்படித் தூக்குவது என்று லோடுமேன்களுக்குத் தெரியும். மெத்தை விஷயத்தில்தான் யாரையும் நம்பத் தோன்றவில்லை.

பட்ட அனுபவம் அப்படி. ஆறு வருடத்துக்கு முன் வீடு மாறியபோது எங்களிடம் இருந்தது காயர் மெத்தை. படிக்கட்டில் திரும்பவில்லை என்று வந்த ஆட்கள் அதை நடுவில் மடித்து, மேலே முழங்காலை வைத்து அழுத்திக் கயிறு கட்டிவிட்டார்கள். காயர் மெத்தை என்பது தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்துப் பலகை மாதிரி அழுத்திச் செய்வது. மடித்தால் நாருக்கு நார் இருக்கும் பிடிப்பு விட்டுப்போகும், மறுபடி ஒட்டாது. புது வீட்டில் விரித்துப் பார்த்தால் சரியாக நடுவில் ஒரு பள்ளம். அம்மா அதற்கு 'வாய்க்கால்' என்று பேரே வைத்துவிட்டாள். இரண்டு வருடம் அந்தக் கரையில் அவளும் இந்தக் கரையில் நானும் படுத்தோம்.

இப்போது இருப்பது பாக்கெட் ஸ்பிரிங். கிங் சைஸ், அதாவது 78 அங்குலத்துக்கு 72 அங்குலம், 8 அங்குல கனம். உள்ளே ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும், ஓரத்தில் சுற்றிலும் கம்பி ஓடும். லேசாக வில் மாதிரி வளைக்கலாம். மடித்தால் அந்தக் கம்பி வளைந்து நின்றுவிடும். "புதுசா வாங்கும்போது சுருட்டித்தானே டப்பாவில் வருது?" என்று தம்பி கேட்டான். அப்படி வருவதை இயந்திரத்தில் அழுத்திக் காற்றை உறிஞ்சிச் சுருட்டுகிறார்கள். வீட்டில் நாலு பேர் ஏறி உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது.

"இலவம்பஞ்சு மெத்தையா இருந்தா சுருட்டித் தோள்ல போட்டுண்டு போயிருக்கலாம்" என்றாள் அம்மா. வாஸ்தவம்தான்.

மெத்தையை அளந்தாயிற்று. ஆனால் அது போகிற வழியை அளப்பதுதான் முக்கியமான வேலை என்று எனக்குப் பட்டது. ஒரு நீளமான ஒட்டடைக் குச்சியை எடுத்து, ஆறடியிலும் ஆறரை அடியிலும் பிரவுன் டேப் சுற்றி அடையாளம் வைத்தேன். முதல் நாள் பால் காய்ச்சப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன், "என்னம்மா, ஒட்டடையெல்லாம் அடிச்சாச்சே" என்றார்.

லிஃப்டில் குச்சியைப் படுக்கவைத்துப் பார்த்தேன். ஆறு பேர், 408 கிலோ என்று எழுதியிருக்கும் சாதாரண லிஃப்ட். மூலைக்கு மூலை வைத்தாலும் ஐந்தடிதான் கொள்கிறது. நிமிர்த்தி வைக்கலாம் என்றால் ஆறடி அகலம் எங்கே போகும்? ஆக, மூன்றாவது மாடிக்குப் படிக்கட்டு வழிதான். ஒவ்வொரு லேண்டிங்கிலும் குச்சியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ வைத்திருந்த செருப்பு ஸ்டாண்டு இடித்தது. அந்த வீட்டு மாமியிடம் சொல்லி, மறுநாள் ஒரு மணி நேரம் உள்ளே எடுத்து வைக்கச் சம்மதம் வாங்கினேன். அப்புறம் லோடுமேன்களுக்கு ஃபோன் செய்து, மூன்று மாடிக்கு மெத்தை படியில்தான் ஏறும், அதற்கும் சேர்த்துக் கூலி சொல்லுங்கள் என்று அப்போதே பேசி முடித்தேன். பாதிப் படியில் மெத்தையை வைத்துக்கொண்டு பேரம் பேசும் நிலை நமக்கு வரக்கூடாது.

சுற்றுவதற்குக் கனமான பாலிதீன் ஷீட் கிலோ கணக்கில் கிடைத்தது. முதலில் இரண்டு பழைய போர்வை, அதற்கு மேல் ஷீட். வெறும் ஷீட் மட்டும் என்றால், ஏதாவது கொக்கி பட்டதும் நேராக மெத்தைத் துணியே கிழியும். டேப்பை ஷீட்டின் மேல்தான் ஒட்டினோம். பக்கவாட்டில் இருந்த கைப்பிடிகளையும் போர்வையால் மூடிவிட்டேன். கட்டில் மேல் மெத்தையை நகர்த்திச் சரிசெய்யத்தான் அவை. ஐம்பது கிலோ பக்கம் வரும் மெத்தையை அதைப் பிடித்துத் தூக்கினால் தையலோடு பிய்ந்து வரும்.

ஆடி போகட்டும் என்று அம்மா சொன்னதால் ஆவணியில் நாள் பார்த்திருந்தோம். ஆவணியில் சென்னைக்குச் சாயங்கால மழை உண்டு என்பது பஞ்சாங்கத்தில் இல்லை.

வந்தது குட்டியானை. அதன் தொட்டி ஏழடி நீளம், அகலம் ஐந்தடிகூட இல்லை. படுக்கப்போட்டால் ஓரடிக்கு மேல் வெளியே தொங்கும். "மேல போட்டுக் கட்டிடலாம்கா, ஒண்ணும் ஆகாது" என்றார் டிரைவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலின் இரண்டு பிளைவுட் பலகையையும் மெத்தைக்கு இரண்டு பக்கமும் வைத்து, நீளவாக்கில் நிமிர்த்தி, பீரோவோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். நைலான் கயிறு அழுத்தும் இடமெல்லாம் அட்டையை மடித்து வைத்தோம். கயிறு பலகையில்தான் இறுகியது. டிரைவர் கொஞ்சம் முறைத்தார். ஆனால் கத்திப்பாரா மேம்பாலத்தில் காற்று அடித்தபோது, "நல்லவேளைக்கா, மேல போட்டிருந்தா பாய்மரம்தான்" என்று அவரே சொன்னார்.

குரோம்பேட்டை வரும்போது நாலரை மணி. வானம் இருட்டி, ஐந்தே நிமிடத்தில் கொட்டித் தீர்த்தது. ஜிஎஸ்டி சாலையில் வண்டியை ஓரம் கட்டித் தார்ப்பாய் போடுவதற்குள் எல்லாரும் நனைந்துவிட்டோம்.

படிக்கட்டில் நான்கு பேர். கீழே இருவர் தாங்க, மேலே இருவர் இழுக்க, படியை ஒட்டியே மெத்தையை நகர்த்தினார்கள். உயரத் தூக்கினால் மேல்படியின் அடிப்பக்கம் இடிக்கிறது. லேண்டிங்கில் நிமிர்த்தி நிறுத்தி, மேல் நுனியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலாகச் சாய்க்க, அடுத்த படியில் நின்றவர் வாங்கிக்கொண்டார். செருப்பு ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஒரு சாண்தான் மிச்சம். அங்கே மட்டும் மெத்தையை லேசாக வளைக்கவேண்டி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டது.

உடனே ஷீட்டைப் பிரித்தேன். களைப்பில் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஈரத்தோடு பிளாஸ்டிக்குக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும், அப்புறம் போகவே போகாது. ஒரு மூலையில் டேப் விட்டு, உள்ளங்கை அளவு நனைந்திருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி மேல் இரண்டு பலகையையும் போட்டு, அதில் மெத்தையைப் படுக்கவைத்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டேன்.

கட்டிலைப் பூட்டிவிடலாம் என்று பார்த்தால் போல்ட்டுப் பை இல்லை. காலையில் நானே கழற்றி, ஒரு கவரில் போட்டு, பத்திரமாக வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தது. அவளுக்கு எங்கே வைத்தோம் என்று நினைவில்லை. அன்றைக்கும் மறுநாளும் இரண்டு பேரும் கோரைப்பாயில்தான் படுத்தோம். மெத்தை மட்டும் ஃபேன் காற்றில் சுகமாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, விளக்கேற்றக் குத்துவிளக்கை எடுக்கும்போது பூஜைச் சாமான் பையிலிருந்து கவர் விழுந்தது.

"பத்திரமா வைன்னு சொன்னியேடி, அதான் சுவாமி பையில வச்சேன்" என்றாள்.