மேன்ஹோலுக்கு வெளியே நிற்பவர்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்துக் கப்பல் பட்டறைகளில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில், ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "காலையிலேயே கேஸ் செக் பண்ணி பெர்மிட் போட்டாச்சுல்லண்ணே, அப்புறம் எதுக்கு ஒரு ஆள் நாள் முழுக்க மேன்ஹோல் பக்கத்துலயே நிக்கணும்?" வேலை அவசரத்தில் இருக்கும் ஃபோர்மேன்களும் இதையேதான் வேறு தொனியில் கேட்பார்கள். பெர்மிட் என்பது கப்பலுக்குள் இருக்கும் டேங்க் போன்ற அடைபட்ட இடத்தில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு; மேன்ஹோல் என்பது அதில் இறங்கும் துளை. பெர்மிட்டில் எழுதியிருப்பது காலை எட்டு மணிக்கு அந்த டேங்கில் இருந்த காற்றைப் பற்றிய செய்தி. எட்டரை மணிக்கு உள்ளே இறங்கும் வெல்டரும், இரும்பை வெட்டும் கட்டரும் அந்தக் காற்றை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லிவந்த பதில்.

கப்பலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதற்குள் எத்தனை அடைபட்ட அறைகள் இருக்கின்றன என்பது தெரியாது. கப்பலின் சமநிலைக்காக நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க், எரிஎண்ணெய் டேங்க், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை, இரண்டு டேங்குகளுக்கு நடுவே காலியாக விடப்பட்ட காஃபர்டேம் என்று வரிசையாகச் சொல்லலாம். இவற்றுள் என்னை எப்போதும் அதிகம் கவலைப்பட வைத்தது கப்பலின் அடித்தட்டுக்கும் அதற்கு மேலுள்ள தட்டுக்கும் இடைப்பட்ட டபுள் பாட்டம்தான். அதன் மேன்ஹோல் பெரும்பாலும் 600க்கு 400 மில்லிமீட்டர் அளவுள்ள நீள்வட்டமாக இருக்கும். அதில் இறங்கியவர், குறுக்குத் தகடுகளில் வெட்டப்பட்டிருக்கும் துவாரங்கள் வழியே ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து முன்னேற வேண்டும். ஐந்தாறு கட்டங்கள் தாண்டிய பின் மேன்ஹோலின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. கூப்பிட்டால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் பிடிபடாது. அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால், மூச்சுக்கருவியை முதுகில் மாட்டிக்கொண்ட மீட்புக்குழுவினர் அவரை அடைவதே அரும்பாடு. அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி வெளியே கொண்டுவருவது அதைவிடக் கடினம்.

வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 20.9 விழுக்காடு இருக்கிறது. சிங்கப்பூரில் 2009இல் வந்த அடைபட்ட இடங்களுக்கான விதிகளின்படி, ஆள் நுழைய வேண்டுமானால் அது 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 23.5 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தீப்பற்றக்கூடிய வாயு, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்கக் கூடாது. ஆக்ஸிஜன் குறைவதற்கு எங்கிருந்தோ நச்சு வாயு கசிந்துவர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பல மாதங்கள் மூடிக்கிடந்த பேலஸ்ட் டேங்கில் அப்படி எதுவும் தேவையில்லை. இரும்பு துருப்பிடிப்பதே உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அந்தக் குறைவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. நாற்றம் உள்ள வாயுவையும் மூக்கால் நம்ப முடியாது. அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நேரமே மிகவும் ஆபத்தான நேரம்.

ஆகவே எல்லாம் கேஸ் மீட்டரையும் அதைப் பிடித்திருப்பவரின் பொறுமையையும் பொறுத்தது. மேன்ஹோல் வாயில் மீட்டரைக் காட்டி எண்ணைக் குறித்துக்கொள்வதைச் சோதனை என்று சொல்ல முடியாது. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டங்களிலும் காற்றை எடுக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறி நிற்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் பெயின்ட் தின்னர் ஆவியும் அடியில் தங்கும். மாதிரிக் குழாயை இறக்கியதும் எண்ணைப் படித்துவிடவும் கூடாது, ஏனென்றால் குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் காற்று வெளியேறி டேங்கின் காற்று மீட்டரை எட்ட அதன் நீளத்துக்கு ஏற்ப நேரம் பிடிக்கும். குழாயின் நுனி அடியில் தேங்கிய நீரில் பட்டால் மீட்டர் நீரை உறிஞ்சிக் கெட்டுவிடும் என்பதால், நுனியை ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக்கொள்ளக் கை பழக வேண்டும். நான் அருகில் இருந்து பார்த்த ஒரு சோதனையில், மேன்ஹோல் வாயில் 20.9 காட்டிய அதே மீட்டர் கடைசிக் கட்டத்தின் அடியில் 17க்கு இறங்கியது. வெளிக்காற்றை உள்ளே ஊதும் பிளோவரின் காற்றுக்குழாயான டக்ட் மேன்ஹோலுக்குச் சற்றுக் கீழேயே முடிந்திருந்ததால், உள்ளே போன காற்று அங்கேயே சுழன்று வெளியேறிக்கொண்டிருந்தது; டக்டைக் கடைசிக் கட்டம்வரை இழுத்துவிட்ட பிறகுதான் அந்த எண் மேலே ஏறியது.

எண்ணெய்க் கப்பல்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவற்றின் சரக்கு டேங்குகளில் தீப்பிடிக்காமலிருக்க மந்த வாயுவை நிரப்பி ஆக்ஸிஜனைக் குறைத்து வைப்பார்கள். எரியும் வாயுவை அளக்கும் சாதாரண சென்சார் வேலை செய்வதற்கே ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால், அத்தகைய டேங்கில் அது காட்டும் குறைந்த எண் உண்மையான எண்ணாக இராது. முதலில் ஆக்ஸிஜனைப் பார், பிறகே எரிவாயுவைப் பார் என்று பயிற்சியில் சொல்வதன் காரணம் இதுதான்.

இனி வேலை தொடங்கிய பிறகு நடப்பதற்கு வருகிறேன். ஆர்கான் வாயுவைப் பயன்படுத்தும் வெல்டிங்கில் அந்த வாயு கனமானதால் அடியில் தேங்கி ஆக்ஸிஜனை வெளியே தள்ளும். இதற்கு நேர் எதிரானது, கேஸ் கட்டிங் டார்ச்சுக்கு வாயு கொண்டுவரும் குழாயான ஹோஸில் ஏற்படும் ஆக்ஸிஜன் கசிவு. ஆக்ஸிஜன்தானே, மூச்சுக்கு நல்லதுதானே என்று எண்ணுபவர்கள் உண்டு. அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனில் நனைந்த வேலை உடுப்பு ஒரே தீப்பொறியில் கொழுந்துவிட்டு எரியும். அணைப்பதற்கு அவகாசமே இராது. எனவே சாப்பாட்டு நேரத்தில் டார்ச்சையும் ஹோஸையும் டேங்குக்கு வெளியே இழுத்துப் போட்டு, வாயு வரும் வால்வையும் மூட வேண்டும் என்பது விதி.

இந்த விதியைக் காப்பாற்றுவதுதான் ஒவ்வொரு நாளும் எனக்குப் பெரும் போராட்டமாக இருந்தது. எத்தனையோ கட்டங்கள் தாண்டி வளைந்து கிடக்கும் ஹோஸை வெளியே இழுத்து, திரும்ப உள்ளே கொண்டுபோவது வியர்வை கொட்டும் வேலை. "கால் மணி நேரத்துல சாப்பிட்டு ஓடி வந்துருவேண்ணே, அப்படியே கெடக்கட்டுமே" என்று ஒரு கட்டர் கெஞ்சும்போது அவருடைய களைப்பு எனக்குப் புரியாமல் இல்லை. "சாப்பாடு ஆறட்டும் தம்பி, நானும் ஒரு கை பிடிக்கிறேன், இழு" என்பதுதான் என் வழக்கமான பதில். ஹோஸை இழுக்க ஆகும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பிடிக்காமல் வேலை நேரத்திலேயே சேர்த்துக் கொடுத்த ஃபோர்மேன்களிடம் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறைந்ததைக் கண்டிருக்கிறேன். களைத்தவரின் பசியோடு போட்டியிடும் விதி நெடுநாள் நிற்காது.

ஒரு டேங்கின் ஆபத்து அந்த டேங்கோடு முடிவதில்லை என்பதற்கு 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலில் நடந்த வெடிப்பைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கட்டிங் டார்ச்சின் தீப்பொறி, கச்சா எண்ணெய் கலந்திருந்த எரிஎண்ணெய் டேங்கின் ஆவியைப் பற்றவைத்தது. 76 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இன்று அங்குள்ள பட்டறைகளில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒருங்கிணைப்புக் குழு கூடி, எந்த டேங்கில் வெல்டிங், எந்த டேங்கில் பெயின்ட் என்று பேசி முடிவெடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தகட்டின் ஒரு பக்கம் வெட்டும்போது மறுபக்கத்துப் பெயின்ட் புகையத் தொடங்கும் என்பதை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தை நேர விரயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இத்தனை மாற்றங்களையும் உடனுக்குடன் கவனிக்க வேண்டியவர் மேன்ஹோலில் நிற்பவர்தான். யார் எப்போது இறங்கினார் என்று எழுதுவது, பிளோவரின் சத்தம் நின்றால் அந்தக் கணமே எல்லோரையும் வெளியே வரச் சொல்வது, குறித்த நேரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பதில் வாங்குவது ஆகியவை அவருடைய கடமைகள். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: உள்ளே ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்கத் தானே குதிப்பது. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் எழுதியது. விழுந்தவர் ஒரே அறையில் படுத்துறங்கும் ஊர்க்காரராக இருக்கும்போது வெளியே நின்று ரேடியோவில் உதவி கேட்பது எவ்வளவு கொடுமையான கட்டுப்பாடு என்பது எனக்குத் தெரியும். அதை அந்தக் கணத்தில் கற்றுக்கொள்ள முடியாது. முன்கூட்டியே, பலமுறை, வெற்று டேங்கில் பொம்மையை வைத்துப் பழகியிருக்க வேண்டும்.

இவ்வளவு பொறுப்புள்ள இடத்தில் பல கம்பெனிகள் கைவேலை தெரியாத புதியவரையோ, முதுகுவலியால் வேறு வேலை செய்ய முடியாதவரையோ நிறுத்துவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். உள்ளே வங்காளதேசத்தவரும் மியன்மார்க்காரரும் சீனரும் தமிழரும் இருக்க, அவர்களுள் யாருக்கும் புரியும்படி "வெளியே வா" என்று உரத்துச் சொல்லவும், மூத்த ஃபோர்மேன் முறைத்தாலும் வேலையை நிறுத்தவும் துணிவுள்ளவரே அங்கே நிற்க வேண்டும். நிழலும் தண்ணீரும் அவருக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கழிவறைக்குப் போவதானாலும் பயிற்சி பெற்ற இன்னொருவர் வந்து நின்ற பிறகே நகர வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது பதிவேட்டை மட்டும் கைமாற்றினால் போதாது. உள்ளே இறங்குபவர்கள் தம் பெயர் அட்டையை மாட்டிவிட்டுப் போகும் போர்டில் ஒரு டேக் மிச்சமாகத் தொங்கினால், அந்த ஆள் கேன்டீனில் இருக்கிறார் என்று யார் சொன்னாலும் நம்பாமல், அவரை நேரில் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.