ஒரு வாரத்து மாத்திரை

அவசரகாலப் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பேரிடர் ஆயத்த வகுப்புகளில் நாங்கள் சொல்லும் பட்டியலில், தினமும் சாப்பிடும் மருந்துகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள் என்பதும் ஒன்று. அது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல ஊர்களில் மோட்டார் ஓடாமல் குடிதண்ணீருக்கே வழியில்லாதபோது, பிரஷர் மாத்திரை தீர்ந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்?

பருவமழைக்கு முன் வீடு வீடாகப் பைகளைப் பார்த்து வந்தபோது, ஒரு தெருவில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது ஓர் அம்மாவின் பைதான். ரேஷன் கார்டும் வங்கிப் புத்தகமும் பாலிதீன் உறையில் இருந்தன; அவலும் பொட்டுக்கடலையும் டார்ச்சும் இருந்தன; கூடவே மாத்திரை அட்டையும் இருந்தது. மாதாமாதம் அரசு கொடுக்கும் மாத்திரையை நம்பியிருப்பவர் அவர். "இது கூடுதலா எப்படிம்மா கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"கூடுதலா யாரு தம்பி குடுக்குறா? எண்ணித்தானே குடுக்குறாங்க. ஒருநா விட்டு ஒருநா போட்டுச் சேத்து வச்சேன். நீங்கதானே வைக்கச் சொன்னீங்க."

அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்த நிறைவுதான் இருந்தது. ரத்த அழுத்தம் வலி காட்டாமல் ஏறும் என்பதையும், இன்றிலிருந்து ஒரு வேளைகூட விடக்கூடாது என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பையில உள்ளதை என்ன பண்றது?" என்றார். அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். விட்டுப்போன வேளைகளை இனிச் சேர்த்துப் போட முடியாது. அடுத்த வாரமே புயல் வந்தால் அந்த அட்டை அவருக்கு உதவும். அந்த அளவில் நான் சொன்னது சரிதான். ஆனால் பையிலிருந்து எடுக்கச் சொல்லாததால், உடம்பிலிருந்து பிடித்து மிச்சப்படுத்துவதும் ஒரு வழிதான் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். பட்டியலில் அந்த இடத்தில் நான் டிக் போட்டதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரின் மருந்துக் கணக்கையும் நான் எப்படி அறிவேன் என்று சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு சில நாட்களில், எண்ணிக் கொடுக்கப்படும் ஒன்றைச் சேமிக்கச் சொன்னால் மனிதர்கள் வேறு எப்படிச் சேமிப்பார்கள் என்ற கேள்வியை வகுப்புக்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டாமா என்று தோன்றுகிறது. ஆயத்தம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் வீட்டில் ஏதாவது மிஞ்சும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அவர் வீட்டில் மிஞ்சவில்லை. ஆனாலும் சொன்னதைத் தட்டாமல் செய்தவர் அவர்தான். கடையில் காசு கொடுத்து மாத்திரை வாங்கக்கூடிய வீடுகள் சிலவற்றில் பையே தயாராக இருக்கவில்லை.

மழைக்கால மாதங்களுக்கு மட்டுமாவது பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று உரியவர்களிடம் எழுதிக் கொடுத்தேன். இருப்பைப் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். இப்போது வகுப்பில், வேளையைத் தவறவிட்டுச் சேர்க்காதீர்கள், கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். கேட்டால் கொடுப்பார்களா என்று யாராவது திருப்பிக் கேட்டால், கேட்டுப் பாருங்கள் என்பதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.