தவக்காலக் கணக்கு, 2025

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலை ஐந்தரை மணிப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டு, வீட்டுக்கு வந்து மாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நெற்றியைத் துடைக்காமலே வேலைக்குப் போனேன். சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பல்தான் இது. எங்கள் வீட்டுத் திருஇருதய ஆண்டவர் படத்தின் பின்னால் ஓராண்டு செருகியிருந்த ஓலையையும் சின்னவன் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். முதலாளியும் அதே பூசைக்கு வந்திருந்தார். ஆகவே பத்து மணிக்கு அவர் அறையில் இருவர் நெற்றியிலும் ஒரே சாம்பல் இருந்தது. பேக்கிங் பிரிவு அக்கா இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறார், கணக்கை முடித்துவிடுங்கள் என்றார். நான் கதவுவரை வந்த பிறகு, 2020 ஊரடங்கில் அவர் விலகி அக்டோபரில் புதிதாகச் சேர்ந்ததாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சரி செய்துகொள்ளுங்கள் என்றார்.

பதிவேடு என் கையெழுத்தில் இருக்கிறது. அதில் அப்படி இல்லை.

மாமி இன்று ஒருசந்தி என்று பிடிவாதம் பிடித்தார். அறுபதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டது, உங்களுக்கு 88 என்றால் கேட்பதில்லை. மூன்று முறை சாப்பிட்டார். மூன்று முறையும் அதுவே அன்றைய ஒரே சாப்பாடு என்று நம்பினார்.

மார்ச் 7, முதல் வெள்ளி

சாமியார் நோயாளிகளுக்கு நன்மை (நற்கருணை அப்பம்) கொடுக்க வந்தார். மாமி படுக்கையில் நிமிர்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, நாக்கை நீட்டி வாங்கினார். மகன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்பதும், சில நாள்களில் அவன் பெயரும் நினைவில் வராதவருக்கு, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' மட்டும் ஒரு சொல் பிசகாமல் வருகிறது. நான் பழக்கத்தில் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினால் தடுமாறி நின்றுவிடுகிறார். அதனால் இந்த வீட்டில் செபமாலை இப்போது பழைய தமிழில்தான் நடக்கிறது. இஸ்பிரீத்து சாந்து என்று சொல்லும்போதெல்லாம் சின்னவன் சிரிப்பை அடக்குகிறான்.

திருத்தந்தை பிரான்சிஸின் குரலைச் செய்தியில் கேட்டோம். மருத்துவமனையிலிருந்து பதிவு செய்து அனுப்பியது. மூச்சுக்கு நடுவே சொல் வந்தது. போப்பாண்டவருக்கும் என் வயதுதானே என்று மாமி ஐந்தாறு முறை கேட்டார். ஆம், அவருக்கும் 88.

இன்றைய முதல் வாசகம் எசாயா 58. நோன்பு நாளில் உங்கள் ஆதாயத்தையே நாடுகிறீர்கள், உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்ற இடம் வந்தபோது நான் தலையைத் திருப்பி முன்வரிசையைப் பார்த்தேன். பிறகுதான், அந்தப் பதிவேட்டை எழுதுகிறவள் நான் என்பது நினைவுக்கு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

கணக்கு இதுதான். அக்கா 2011 பிப்ரவரியில் சேர்ந்தார், ஆகவே முழுமையான ஆண்டுகள் 14. நாள் கூலி 420 ரூபாய். பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்கு 15 நாள் கூலி, அதாவது 6,300. பதினான்கால் பெருக்கினால் 88,200. அக்டோபர் 2020-இல் சேர்ந்தார் என்று எழுதினால் நாலரை ஆண்டுகூட ஆகாது. ஐந்து ஆண்டு நிறையாதவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தைத் திருத்தி எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். இதைத் தனித்தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். இப்போது இங்கே மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

டிசம்பரில் மாமியின் மருத்துவச் செலவுக்கு முதலாளி கொடுத்த 60,000-இல் இன்னும் 48,000 பாக்கி இருக்கிறது. அன்று இரவு ஒன்பது மணிக்குத் தாமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார், எழுத்து எதுவும் வாங்கவில்லை. அதையும் சேர்த்தே எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குறிப்பும் பொய்ப் பதிவேடுதான்.

மார்ச் 12, புதன்

மாமி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சிறுவயதில் உபதேசியார் மனப்பாடம் செய்யவைத்த ஞானோபதேசம்: வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நாலு. ஒன்று, மனமறிந்து கொலை செய்வது. இரண்டாவதைக் குரலைத் தாழ்த்தி வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மூன்று, ஏழைகளையும் கைம்பெண்களையும் அனாதைகளையும் ஒடுக்குவது. அங்கே விரல் நின்றுவிட்டது. நாலாவது என்னம்மா என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். தெரியாது மாமி என்றேன்.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் கேட்டார்.

மார்ச் 17, திங்கள்

செல்பேசியில் திருத்தந்தையின் படம் வந்தது. மருத்துவமனைச் சிற்றாலயத்தில், சக்கர நாற்காலியில், தோளில் ஊதாத் துண்டோடு, முதுகு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறார். மாமி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, முகத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். சின்னவனுக்குத் தேர்வு நாள்கள் என்பதால் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை, மாமியைத் தவிர.

அக்கா மதிய இடைவேளையில் என் மேசைக்கு வந்து, எனக்கு ஏதாவது வருமா தாயி என்று கேட்டார். உப்புத்தூள் படிந்த கையை மேசைமேல் வைக்காமல் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். விரலிடுக்கு வெடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தவிர வேறெதுவும் பூசியதில்லையாம். பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர், உச்சினிமாகாளி கும்பிடுகிறவர். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் உள்ள பனிமய மாதா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 19, புனித சூசையப்பர்

மாலைப் பூசை. நற்செய்தி முழுவதிலும் சூசையப்பர் ஒரு சொல்கூடப் பேசவில்லை, வேலைதான் செய்தார் என்று மறையுரையில் சாமியார் சொன்னார். அதோடு 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லெயோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலையும் எடுத்தார். உழைத்தவனின் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை எட்டும் குற்றம் என்பதற்கு அந்த மடலே யாக்கோபு திருமுகத்தைச் சான்று காட்டுகிறதாம். முதலாளி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் எல்லாருக்கும் வழங்கிய பொங்கல் அவருடைய உபயம். நல்ல பொங்கல், இரண்டு தொன்னை வாங்கிவந்தேன். மாமி ரசித்துச் சாப்பிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று எழுத வரவில்லை. எழுத வந்திருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

நற்செய்தியில் செல்வரும் இலாசரும். நாலாவது என்னம்மா.

மார்ச் 24, திங்கள்

நேற்றுத் திருத்தந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். மாடத்திலிருந்து கையை உயர்த்தவே பாடுபட்டவர், கூட்டத்தில் மஞ்சள் பூக்களோடு நின்ற ஒரு பெண்மணியைக் கவனித்து அதைச் சொல்லவும் செய்தார். அந்தக் காட்சியை மாமிக்கு நாலு முறை போட்டுக் காட்டினேன்.

நேற்றைய நற்செய்தி காய்க்காத அத்திமரம். ஐயா, இந்த ஆண்டும் இது இருக்கட்டும் என்று தோட்டக்காரன் கேட்கிறானே, தவணை கேட்கிற அவனுடைய குரல் எனக்கு மிக நன்றாகப் புரிகிறது. நானும் மூன்று வாரமாக அதைத்தான் செய்கிறேன். முதலாளி கேட்கும்போதெல்லாம், பழைய பதிவேடு மேல்தட்டில் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லிவருகிறேன். அது என் நாற்காலிக்குப் பின்னால் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

சின்னவனுக்கு இன்றோடு தேர்வு முடிந்தது. வந்ததும் தூங்கிவிட்டான். மங்கள வார்த்தைத் திருநாள் பூசைக்குப் போகவில்லை.

மார்ச் 29, சனி

31 ரம்சான் விடுமுறை என்பதால் அக்காவுக்கு இன்றே கடைசி நாள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ஒரு சேலையும் குத்துவிளக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். மாதக் கூலியை எண்ணிக் கொடுத்தேன். மற்றது பிறகு வரும் அக்கா என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை. சட்டப்படி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அப்படியானால் ஏப்ரல் 28.

எல்லாரும் போனபின் 2020, 2021 பதிவேடுகளின் பக்கங்களைச் செல்பேசியில் படம் எடுத்தேன். கை நடுங்கி முதல் மூன்று படங்கள் மங்கலாக விழுந்தன.

ஏப்ரல் 2, புதன்

அவர் கப்பலிலிருந்து பேசினார். எல்லாம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். கடன் பாக்கி எவ்வளவு என்று கேட்டார். பிறகு, அம்மா சாப்பிடுகிறார்களா என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

தவக்காலத் தியானத்துக்கு வந்திருந்த வெளியூர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முகம் தெரியாதவர் என்பதற்காகவே அவருடைய வரிசையில் நின்றேன். நிறுவனத்தின் பதிவேட்டைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தது பாவமா என்று கேட்டேன். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்குச் சேர வேண்டியது என்ன என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள் என்றார். பாவப்பொறுத்தலுக்கான செபமாக ஒரு பத்துமணி செபமாலை மட்டுமே கொடுத்தார். அது குறைவு என்று எனக்குப் பட்டது.

பிறகு சிலுவைப்பாதை. ஆண்டு 14, நிலை 14. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இருந்தும் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிடும்போது 6,300, 12,600, 18,900 என்று மனம் கூட்டிக்கொண்டே போனது. பதினான்காம் நிலையில் இயேசுவைக் கல்லறையில் வைத்தபோது தொகை சரியாக வந்தது. இப்படிச் செபம் செய்ததற்கும் சேர்த்து அடுத்த முறை சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பவனி முடிந்து, குருத்தோலையில் சிறு சிலுவை முடைந்து மாமியின் கையில் வைத்தேன். மணிக்கணக்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாலையில் அக்காவின் வீட்டுக்குப் போய்த் தொகையைச் சொன்னேன். 88,200 என்பதை அவர் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, உனக்கு வேலை போய்விடாதா தாயி என்று கேட்டார்.

ஏப்ரல் 16, பெரிய புதன்

யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குப் பேசி முடிக்கும் வாசகம். படிக்காமல் இருந்திருக்கலாம்.

பதினொரு மணிக்கு முதலாளி அறைக்குப் போய், பதிவேட்டில் அப்படி எழுத என்னால் முடியாது என்றேன். பல நாள்களாகத் தயாரித்து வைத்திருந்த வாசகங்களில் ஒன்றும் வரவில்லை. முடியாது என்பதைக்கூட இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. அப்படியா என்றார். மாமி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த தட்டு காலியாக இருந்தது, பதிவேடுகள் அவர் அறைக்குப் போயிருந்தன.

இரவு மாமி மறுபடியும் விரல்விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது, கூலிக்காரருக்குக் கூலியைக் கொடாமல் வஞ்சிப்பது மாமி என்றேன். அதுதான், அதுதான் என்று மகிழ்ந்தார். பத்து நிமிடம் கழித்து நாலாவது என்னம்மா என்றார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்குக் கோயிலுக்குப் போக முடியவில்லை, மாமிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று முறை உடை மாற்றி, இடுப்பிலிருந்து கால்வரை வெந்நீரில் துடைத்துவிட்டேன். இதை அந்தச் சடங்கோடு ஒப்பிட்டுப் புண்ணியம் தேட எனக்கு மனம் இல்லை; எரிச்சலோடுதான் செய்தேன், ஒருமுறை கத்தியும் விட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒருசந்தி, சுத்தபோசனம். மீன் தின்று வளர்ந்த ஊரில் இறைச்சியை மட்டும் விடுவது நோன்பாகாது என்று மாமி இந்த வீட்டில் நாற்பது நாளும் மீனையும் சேர்த்தே விலக்கிவந்தவர். இன்று மீன்குழம்பு கேட்டு அழுதார். பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

திருத்தந்தை மாடத்துக்கு வந்து ஆசீர் அளித்தார். குரல் எழும்பவில்லை. பிறகு வண்டியில் மக்களுக்கு நடுவே சுற்றிவந்தார். மாமி படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார்.

முதலாளி வீட்டிலிருந்து வழக்கம்போல் கேக் வந்தது. வாங்கி வைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மதியம் ஒன்றரை மணி அளவில் சின்னவன் செல்பேசியில் சொன்னான். திருத்தந்தை இறந்துவிட்டார். அலுவலகத்தில் முதலாளி எழுந்து நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்ல, நானும் சேர்ந்து சொன்னேன். புதன்கிழமைக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான்.

மாமியிடம் சொல்லவில்லை. போப்பாண்டவர் சாப்பிட்டாரா என்று கேட்டார்.

ஏப்ரல் 23, புதன்

பணிக்கொடை விண்ணப்பப் படிவத்தை நேற்றிரவு நானே எழுதி முடித்தேன். முதலாளிக்கு ஒன்று, அவர் தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்க ஒரு பிரதி, அதோடு படங்களின் நகல்கள். அக்கா மாலையில் வந்து கையெழுத்துப் போட உட்கார்ந்தார். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பதினான்கு ஆண்டுப் பதிவேட்டிலும் அவர் பெயரை நான் வேறு எழுத்தில் எழுதியிருக்கிறேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தவறு. யாரும் திருத்தச் சொல்லாத, நானாகச் செய்த பிழை. நகல்களைக் காட்டினால் இது வேறு ஆள் என்று சொல்லிவிடலாம். அக்காவிடம் கையெழுத்து இப்போது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். 28-க்கு இன்னும் ஐந்து நாள். அவர் சேர்ந்தபோது கொடுத்த குடும்ப அட்டை நகல் 2011 கோப்பில் இருக்க வேண்டும், அந்தக் கோப்பு எந்த அறையில் இருக்கிறது என்று நாளை பார்க்க வேண்டும்.